தரை டிக்கெட்டுக்குத்தான் விலை அதிகம்

நியூஜெர்சிக்கு வந்த புதிதில், 14 வருஷத்துக்கு முன்னால், முதன்முதலாக, பக்கத்து நியூயார்க்கில் நடக்கும் ஒரு பிராட்வே நாடகத்துக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். ஆர்கெஸ்ட்ரா, மெஸனைன், பால்கனி என்று மூன்று வகை காட்டியது. மூன்றில் பால்கனிதான் மலிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ விலையை மாற்றிப் போட்டுவிட்டார்கள், திருத்துவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு டிக்கெட்டை அவசர அவசரமாக எடுத்தேன். “ஆர்கெஸ்ட்ரான்னா வாத்தியக்காரங்க பக்கத்துல உட்கார வெச்சிருவாங்க போல, காது போயிரும்” என்று வீட்டுக்காரரிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

மதுரையில் வளர்ந்தவளுக்கு அப்படித்தானே தோன்றும்? தரை, பெஞ்ச், சேர், பால்கனி. இதுதான் எங்கள் ஊர் ஏணி. அப்பாவுக்கு போனஸ் வந்த மாதம் மட்டும்தான் நாங்கள் பால்கனி. மற்ற மாதங்களில் கீழே, திரைக்குக் கிட்டே, கழுத்தை அண்ணாந்து. படம் முடிந்து மாடிப்படியில் இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

நியூயார்க்கில் அந்த மாடிப்படியில் ஏறினோம், ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். லிஃப்ட் கிடையாது. உச்சியில் போய் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் கிணற்றுக்குள் யாரோ நாடகம் போடுகிற மாதிரி இருந்தது. இரண்டரை மணி நேரமும் நடிகர்களின் வகிடு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆர்கெஸ்ட்ரா என்பது தரைத்தளம், அதுதான் இங்கே உசத்தி. மெஸனைன் முதல் மாடி. பால்கனி அதற்கும் மேலே, கோபுரத்துப் புறா குடியிருக்கும் உயரம். யோசித்தால் நியாயம்தான். சினிமாவில் கதாநாயகி முகம் ஒரு வீடு அளவுக்கு வரும், எட்டி உட்கார்ந்தால்தான் கண்ணுக்குள் அடங்கும். மேடையில் இருப்பவள் ஐந்தரை அடி மனுஷி. கிட்டே இருக்கிறவனுக்குத்தான் அவள் கண் கலங்குவது தெரியும். அதற்குத்தான் காசு.

போன வருஷம் அம்மா வந்திருந்தாள். “டைம்ஸ் ஸ்கொயர் டைம்ஸ் ஸ்கொயர்ங்கிறியே, அங்க வெளிச்சத்தைத் தவிர என்னதாண்டி இருக்கு?” என்று கேட்டாள். சரி, ஒரு நாடகம் காட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஆனால் டிக்கெட் விலையை ரூபாயாக மாற்றி ஒருமுறை அவளிடம் சொல்லிவிட்டால் ஜென்மத்துக்கும் வரமாட்டாள். அதனால் அன்றைக்கு அன்றே பாதி விலைக்கு விற்கிற கவுண்டருக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் கவுண்டருக்குப் பெயர் டி.கே.டி.எஸ். ‘டிக்கெட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்துகளையும் ஒரு ‘சி’யையும் உருவிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்தது. டைம்ஸ் ஸ்கொயரின் வடக்குக் கோடியில் 47ஆம் தெரு முனையில், ஃபாதர் டஃபி ஸ்கொயரில் இருக்கிறது. முதல் உலகப் போரில் படைப்பிரிவோடு போன பாதிரியார் டஃபியின் சிலை அங்கே பெரிய சிலுவைக்கு முன்னால் நிற்கும். சிலைக்குப் பின்னால் செக்கச்செவேலென்று எரிகிற கண்ணாடிப் படிக்கட்டு, மொத்தம் 27 படி. உலகமே அதில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறது. அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் டிக்கெட் கவுண்டர் என்பது அதில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது.

படிக்கட்டு வந்தது 2008இல். கவுண்டர் அதைவிட மூத்தது, 1973 ஜூனில் திறந்தது. அப்போது டைம்ஸ் ஸ்கொயர் குடும்பத்தோடு போகிற இடம் இல்லை. நாடக அரங்குகள் காற்றாடிக்கொண்டிருந்தன. தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்று 1968இல் ஆரம்பித்த ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு, ஒரு டிரெய்லரை நிறுத்தி, அதைச் சுற்றிக் குழாய்க் கம்பியும் கேன்வாஸும் கட்டி, அன்றைய மிச்ச டிக்கெட்டை அன்றைக்கே தள்ளுபடியில் விற்க ஆரம்பித்தது. இன்றும் அதே அமைப்புதான் நடத்துகிறது. 20இலிருந்து 50 சதவீதம் வரை குறைப்பார்கள். டிக்கெட்டுக்குச் சில டாலர் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை அம்மாவுக்கு விளக்க வாயெடுத்தேன். இன்று எட்டு மணிக்குக் காலியாகக் கிடக்கிற நாற்காலியை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாதும்மா, அதனால்...

“தெரியும்டி. ராத்திரி பூக்காரி மிச்சத்தை என்ன விலைக்குக் குடுப்பா, அதானே?”

அதேதான். அடுத்து அவள் கேட்டதுதான் எனக்கு இத்தனை வருஷம் தோன்றாதது. “அப்ப எதுக்கு மூணு மணிக்கே போய் நிக்கணும்? கடை சாத்துற நேரத்துக்குப் போவோம்.”

மாலைக் காட்சி டிக்கெட்டைப் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு விற்க ஆரம்பிப்பார்கள். மதியக் காட்சி உள்ள நாட்களில் அதற்கு காலை 11 மணிக்குக் கவுண்டர் திறக்கும். நான் எப்போதும் இரண்டரைக்கே போய் நிற்கிற ஜாதி. முன்னால் நின்றால் நல்ல சீட் என்பது ரேஷன் கடையில் கற்ற பாடம். ஆனால் இந்தக் கவுண்டருக்குச் சரக்கு ஒரே மூட்டையாக வந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு அரங்கும் தன் விற்பனையைப் பார்த்துப் பார்த்து நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். அதோடு ‘ஹவுஸ் சீட்’ என்று ஒன்று உண்டு. தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர்கள் ஆகியோரின் விருந்தாளிகளுக்காக நல்ல இடத்தில் பிடித்து வைத்திருக்கும் நாற்காலிகள். விருந்தாளி வரவில்லை என்றால் அவற்றையும் விற்பனைக்கு விட்டுவிடுவார்கள். ஆறு, ஆறரைக்குப் போனால் வரிசையும் குட்டையாகியிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் இப்படிப்பட்ட சீட்டும் மாட்டும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் நினைத்த நாடகம் பலகையிலிருந்தே காணாமல் போயிருக்கும். இந்த நாடகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள் மூன்று மணிக்கே போங்கள். ஏதாவது ஒரு நல்ல நாடகம் போதும் என்றால் அம்மா சொன்னது சரி.

எடிசனில் ரயிலேறி பென் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து 13 தெரு வடக்கே நடக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்காக டாக்ஸி பிடித்தேன். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கப் போகிறவள் டாக்ஸிக்குக் கொடுத்ததை அம்மா கணக்கில் எழுதிக்கொண்டாள்.

சதுக்கத்தில் சிவப்பு நாற்காலி ஒன்றில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். குடும்பத்தில் எல்லாரும் நிற்க வேண்டியதில்லை, ஒருவர் நின்று எல்லாருக்கும் வாங்கலாம். கவுண்டருக்கு மேலே மின்பலகையில் நாடகப் பெயரும் பக்கத்தில் தள்ளுபடி சதவீதமும் ஓடிக்கொண்டிருக்கும். இதே பட்டியல் அவர்களுடைய செயலியிலும் வரும், ரயிலிலேயே பார்த்துக்கொண்டு வரலாம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஊரே பேசுகிற நாடகம் அதில் இருக்காது. நிறைந்து ஓடுகிறவன் எதற்குத் தள்ளுபடி தரப்போகிறான்? சிங்கக் கதையைக் காட்டலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. ‘லயன் கிங்’கின் ஆரம்பக் காட்சியில் யானையும் பறவைகளும் தரைத்தள நடைபாதை வழியாக நம் தோளை உரசிக்கொண்டு போகும். பலகையில் அதன் நிழலைக்கூடக் காணோம்.

வரிசையில் நிற்கும்போது நகைச்சுவைக் கச்சேரி டிக்கெட்டை நீட்டிக்கொண்டு பையன்கள் வருவார்கள். அவர்களுக்கும் கவுண்டருக்கும் சம்பந்தமில்லை. கவுண்டர் ஊழியர்களும் வரிசையோரமாக நடமாடுவார்கள். அவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாத வயசானவங்க, படியேற முடியாது, எது நல்லா இருக்கும் என்று கேட்டேன். “சிகாகோ. கதை புரியாவிட்டாலும் ஆட்டம் புரியும்” என்றார் அந்தப் பெண்மணி. பலகையில் சிகாகோவுக்குப் பக்கத்தில் 50 என்று இருந்தது.

பாட்டில்லாத வசன நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம். ரகசியம் என்ன, அங்கேயே எழுதித்தான் போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. அதற்கென்று தனி ஜன்னல் உண்டு, ‘பிளே எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். இசைநாடகத்துக்கு நிற்கும் கூட்டம் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கும்போது இந்த ஜன்னலில் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருமுறை வாங்கிய டிக்கெட்டின் அடிக்கட்டையை வைத்திருந்தால், ஏழு நாளுக்குள் மறுபடி வரும்போது நீண்ட வரிசையில் நிற்காமலே போகலாம். ஊர் சுற்ற வருகிறவர்கள் அந்தத் துண்டுச் சீட்டைத்தான் முதலில் குப்பையில் போடுகிறார்கள்.

ஜன்னலில் வரைபடத்தைக் காட்டி எது வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். கணினி எதைக் கொடுக்கிறதோ அதைச் சொல்வார்கள். ஆனால் வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும். காசு கொடுக்கும் முன் “எந்த இடம்?” என்று கேளுங்கள். “ஓரத்தில் முன்வரிசையைவிட நடுவில் பின்வரிசை பரவாயில்லை” என்று சொல்லிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு நாடகத்துக்கு மாறலாம். காசு கொடுத்த பிறகு ஒன்றும் நடக்காது. வாங்கினது வாங்கினதுதான்.

எனக்குக் கிடைத்தது ஆர்கெஸ்ட்ராவில் வலதுபக்கம், 2ம் 4ம். கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

“ரெண்டு, நாலு. நடுவுல மூணு யாருக்குடி?”

நான் முதல்முறை வாங்கியபோது இதே பயம் எனக்கும் இருந்தது. நடுவில் உட்காரப்போகிற அந்நியரிடம் இடம் மாறிக்கொள்ள எப்படிக் கெஞ்சுவது என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அப்புறம்தான் தெரிந்தது, பிராட்வே அரங்குகளில் எண் போடுகிற முறையே வேறு. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடதுபக்கப் பகுதி முழுக்க ஒற்றைப்படை: 1, 3, 5. வலதுபக்கம் முழுக்க இரட்டைப்படை: 2, 4, 6. நடுப்பகுதிக்கு 101இல் ஆரம்பித்து 102, 103 என்று வரிசையாகப் போகும். ஆகவே 2ம் 4ம் ஒட்டினாற்போல இருக்கும். 1ம் 2ம் வாங்கினால்தான் ஆளுக்கொரு பக்கம் உட்கார வேண்டும்.

இதிலேயே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பக்கப் பகுதியில் எண் சின்னதாக ஆக ஆக நடுவுக்குக் கிட்டே வருகிறோம். 2 என்பது நடைபாதையை ஒட்டிய நாற்காலி, அடுத்த பக்கம் நடுப்பகுதி. 22 என்றால் சுவரோரம், மேடையின் ஒரு மூலை மறைந்துவிடும். ‘ஆர்கெஸ்ட்ரா வலது’ என்று ஒரே பெயரில், சில சமயம் ஒரே விலையில் இரண்டும் விற்கும். அம்மாவுக்கு நடைபாதை ஓரம் என்பதால் காலை நீட்டிக்கொள்ள வசதி வேறு. பழைய அரங்குகளில் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும்.

சீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன், என்னை நிறுத்துவது கஷ்டம். ‘முதல் வரிசை’ என்று கேட்டதும் வாயைப் பிளக்காதீர்கள். மேடை உயரமாக இருந்தால் ஆடுகிறவர்களின் பாதம் தெரியாது. பாதம் தெரியாமல் என்ன ஆட்டம்? ஆர்கெஸ்ட்ராவில் ரொம்பப் பின்னால் போனால் தலைக்கு மேலே மெஸனைன் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு வந்து, மேடையின் மேல்பாதியை வெட்டிவிடும். மேலேயிருந்து எதையாவது இறக்குகிற நாடகமாக இருந்தால் எல்லாரும் கைதட்டும்போது நாம் எதற்கென்று தெரியாமல் தட்டுவோம். தரைத்தளம் பல அரங்குகளில் லேசாகத்தான் சரிந்திருக்கும், முன்னால் ஆறடி ஆள் வந்துவிட்டால் அவ்வளவுதான். மெஸனைனில் வரிசைகள் செங்குத்தாக ஏறும் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. நிறையப் பேர் சேர்ந்து ஆடுகிற நாடகத்துக்கு மெஸனைனின் இரண்டாவது, மூன்றாவது வரிசை நடுப்பகுதியைத்தான் நான் எடுப்பேன். கோலத்தை மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி. முதல் வரிசையை ஏன் விடுகிறேன் என்றால், தடுப்புக் கம்பி. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்த நான் உட்கார்ந்தால், கண்ணுக்கு நேராக அது ஓடும்.

நான்கு பேர் உட்கார்ந்து பேசுகிற வசன நாடகத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கிட்டேதான் போக வேண்டும், ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை. அரங்கின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேய்ஸ் தியேட்டரில் 600 நாற்காலிதான். ‘விக்கட்’ ஓடுகிற கெர்ஷ்வினில் 1,900க்கும் மேலே. முன்னதில் கடைசி வரிசை என்றாலும் முகம் தெரியும். பின்னதில் கடைசி வரிசைக்குப் பைனாகுலர் கொண்டு போங்கள்.

காலைநேரம் ஒழிகிறவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ‘ரென்ட்’ என்ற நாடகம் 1996இல் பிராட்வேக்கு வந்தபோது, முன்னால் இரண்டு வரிசையை மட்டும் 20 டாலருக்கு அன்றன்று விற்றார்கள். நாடகமே வாடகை கொடுக்க முடியாத இளைஞர்களைப் பற்றியது, அப்படிப்பட்டவர்களே பார்க்க முடியாவிட்டால் எப்படி என்ற எண்ணம். பிள்ளைகள் ராத்திரியே வந்து நடைபாதையில் படுத்துவிட்டார்கள். கடைசியில் வரிசையை நிறுத்திவிட்டுக் குலுக்கல் முறைக்குப் போனார்கள். இன்றைக்கு நடக்கும் ‘ரஷ்’, ‘லாட்டரி’ எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ‘ஹாமில்டன்’ 2015இல் வந்தபோது குலுக்கல் டிக்கெட்டுக்கு 10 டாலர் வைத்தார்கள். 10 டாலர் நோட்டில் இருப்பது ஹாமில்டன் முகம் என்பதால். இப்போது பெரும்பாலான குலுக்கல் கைப்பேசியில்தான். நான் பல வருஷமாகப் போட்டு வருகிறேன், இரண்டு தடவை விழுந்திருக்கிறது. ஒன்றில் எனக்குக் காய்ச்சல்.

ரஷ் என்பது காலையில் அரங்கின் பாக்ஸ் ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்று வாங்குவது. பெரும்பாலும் 10 மணிக்குத் திறப்பார்கள், ஞாயிறு மதியம் 12. நேராக அங்கே வாங்குவதில் இன்னொரு லாபம், இணையத்தில் ஒட்டிக்கொள்ளும் சேவைக் கட்டணம் கிடையாது. நான் ஒருமுறை கூகிளில் முதலாவதாக வந்த தளத்தை அரங்கின் சொந்தத் தளம் என்று நம்பி வாங்கிவிட்டேன். கைமாற்றி விற்கிற இடம் அது. பக்கத்துச் சீட்டுக்காரர் கொடுத்ததைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கொடுத்திருந்தேன். இடைவேளையில் அவர் விலையைக் கேட்டது என் தப்பு.

டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டால் சில அரங்குகள் நின்று பார்க்க டிக்கெட் விற்கும். தரைத்தளத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், சாய்ந்துகொள்ள ஒரு தடுப்போடு, எண் போட்ட இடம். சுவரோர நாற்காலியைவிட நடுவில் நிற்பது எவ்வளவோ மேல். நல்ல செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

அம்மா கதைக்கு வருகிறேன். சிகாகோ நடப்பது 49ஆம் தெருவில் அம்பாஸடர் தியேட்டரில். 1921இல் கட்டியது. சின்ன மனையில் நிறைய நாற்காலி போட வேண்டும் என்பதற்காக அரங்கை மனைக்குக் குறுக்கே கோணலாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைந்து உள்ளே போனதும் திசை கொஞ்சம் குழம்பும். “வாஸ்து பாக்காம கட்டிட்டான்” என்றாள் அம்மா.

அரங்கு ஊழியர் அம்மாவின் உயரத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்குத் தருகிற உயர மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே நீட்டினார். நான் கூச்சத்தோடு வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அம்மா வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிகாகோவில் பெரிய செட் எல்லாம் இல்லை. வாத்தியக் குழுவே மேடை நடுவில் படிப்படியாக உட்கார்ந்திருக்கும், அவர்களுக்கு முன்னால் இருக்கிற கொஞ்ச இடத்தில்தான் எல்லாம் நடக்கும். 1920களில் கொலை செய்துவிட்டு ஜெயிலில் இருக்கிற இரண்டு பெண்கள், அவர்களைக் காப்பாற்றுகிற ஒரு வக்கீல். உடைகள் கறுப்பு, மெல்லிசு, கொஞ்சம். அம்மா முந்தானையை இழுத்துத் தன் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு என் காதில், “இவளுகளுக்குச் சளி பிடிக்காதா?” என்றாள்.

முதல் பாதியில் ஒரு காட்சி வரும். கொலைகாரி ரோக்ஸி வக்கீலின் மடியில் பேசும் பொம்மையாக உட்கார்ந்திருப்பாள். நிருபர்கள் கேள்வி கேட்பார்கள், வக்கீல் பேசுவான், பொம்மை மாதிரி இவள் வாய் மட்டும் திறந்து மூடும். எனக்குத் தெரிந்த காட்சிதான், முன்பு ஒருமுறை மேலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கிட்டே பார்த்தேன். தாடை மட்டும் அசைகிறது, கண் இமைக்கவில்லை. கன்னத்தில் வரைந்த மாதிரி ஒரு சிரிப்பு. கழுத்து நரம்பு மட்டும் பொம்மை இல்லை என்று காட்டிக்கொடுத்தது. வசனம் ஒரு வார்த்தை புரியாத அம்மா அரங்கே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். “எல்லாத்தையும் வக்கீலே பேசுறான், பாரு. சரியான கேடி!”

இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசை டிக்கெட் வரிசையைவிட நீளம். விளக்கு போடுவதற்கு முன்பே எழுந்து ஓடுகிறவர்கள் விவரமானவர்கள்.

திரும்பும் ரயிலில், நியூவார்க் தாண்டியதும் அம்மா என் கைப்பேசியை வாங்கி மதுரையில் சித்திக்குப் போன் போட்டாள். அங்கே காலை விடிந்திருந்தது. விளக்குகளை, சிவப்புப் படிக்கட்டை, வக்கீலை, சளியை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, சித்தி ஏதோ கேட்க, மடித்து வைத்திருந்த டிக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“தரை டிக்கெட்டுதான்டி, பாதி விலைக்கு. பால்கனியா? சேச்சே, அது இங்க காசில்லாதவங்களுக்கு.”